லுவார் பள்ளத்தாக்கில் ஒரு நாள் சைக்கிள் பயணம்: எந்த மாளிகை, எந்தத் தோட்டம், எந்தப் பக்கமிருந்து?

மேட்டூர்க்காரர்:

வணக்கம். ஜூன் கடைசியில் குடும்பத்தோடு பாரிஸ் வருகிறோம். நான், மனைவி, 11 வயது மகள். பாரிஸைச் சுற்றிக் காட்டுவதை உறவினர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் கேட்டு வாங்கியிருப்பது ஒரே ஒரு நாள். அன்றைக்கு நகரத்தை விட்டு வெளியே போய், மூன்று பேரும் சைக்கிளில் பழைய ஊர்கள், மாளிகைகள், தோட்டங்கள் வழியாக ஓட்ட வேண்டும். அதற்கு லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்குதான் சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நண்பர் ஒருவர் ஷாம்போர், ஷெனோன்சோ, அம்புவாஸ் மூன்று மாளிகைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரிகிறது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் 50, 60 கி.மீ. ஓட்டுகிறவன். மனைவி கடைத்தெரு வரை ஓட்டுவதோடு சரி. மகள் நன்றாக ஓட்டுவாள், ஆனால் அலுத்துவிட்டால் இறங்கி உட்கார்ந்துவிடுவாள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

லாசப்பல்:

அண்ணை, அந்தத் திட்டம் கார் வச்சிருக்கிறவைக்குப் போட்டது. ஷாம்போருக்கும் ஷெனோன்சோவுக்கும் இடையில நேர்கோடு கீறினாலே 45 கி.மீ. வரும். ரோட்டால போனா இன்னும் கூட.

நான் பாரிஸில இருக்கிறன். கோடை வந்தா சைக்கிளைத் தூக்கிக்கொண்டு லுவார் பக்கம்தான் போறனான். என்ர கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு மாளிகை, ஒரு தோட்டம். மிச்ச நேரம் முழுக்க ஆத்தங்கரைக்கும் ஊருகளுக்கும். சுல்லி-சுர்-லுவாரில இருந்து ஷலோன் வரைக்கும் 280 கி.மீ. நீளத்தை யுனெஸ்கோ 2000 ஆம் ஆண்டு உலக மரபுச் சொத்தா எடுத்தது. அவை ஒரு கட்டடத்தைப் பாத்து எடுக்கேல்லை. ஆறு, அணைக்கரை, திராட்சைத் தோட்டம், ஊர், மாளிகை எல்லாம் சேர்ந்த முழு நிலத்தையும் எடுத்தவை. கார்க் கண்ணாடிக்குள்ளால அது தெரியாது. சைக்கிளில போனாத்தான் கையில பிடிபடும்.

நான் சொல்லுற பாதை: அஸே-லெ-ரிதோவில தொடங்கி, வில்லாந்த்ரி, சவோனியேர் வழியா தூர் நகரத்துக்கு வந்து முடிக்கிறது. எல்லாம் சேர்த்து 30 கி.மீ. சொச்சம்.

காலமை பாரிஸ் மோன்பர்னாஸ் ஸ்டேசனில டி.ஜி.வி. எண்ட அதிவேக ரெயின் எடுத்தா ஒண்டேகால் மணித்தியாலத்தில தூர். சில ரெயின் தூருக்குள்ள வராம செந்-பியேர்-தெ-கோர் எண்ட பக்கத்து ஸ்டேசனோட போயிடும். அங்க இருந்து தூருக்கு அஞ்சு நிமிசம், இணைப்பு ரெயின் நிக்கும். தூரில சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஷினோன் போற சின்ன ரெயினில ஏறி அஸேயில இறங்குங்கோ. அந்த ரெயினில சைக்கிளுக்குத் தனி ரிக்கற் இல்லை. ஆனா சில நேரம் ரெயினுக்குப் பதிலா பஸ் ஓடும், அதில சைக்கிளை ஏத்த மாட்டினம். முதல் நாளே நேர அட்டவணையில அது ரெயினோ பஸ்ஸோ எண்டு பாத்து வையுங்கோ.

ஏன் தூரில தொடங்காம அஸேயில தொடங்கச் சொல்லுறன்? காத்து. அங்க அத்திலாந்திக் பக்கம் இருந்து மேற்குக் காத்துத்தான் கூட வீசும். கனபேர் தூரில இருந்து மேற்கால ஓடி, வெயில் ஏறேக்க எதிர்க்காத்தோட மல்லுக்கட்டுவினம். நீங்கள் ரெயினில மேற்கால போய் இறங்கி, காத்தை முதுகில வாங்கிக்கொண்டு கிழக்கால வாங்கோ. உங்கட மனைவிக்கு அதுதான் பெரிய உதவி.

கல்லும்சுண்ணாம்பும்:

காற்று விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷாம்போரைப் பார்க்காமல் லுவார் போய் வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் கட்டடக்கலை படித்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1519ல் பிரெஞ்சு ராஜா முதலாம் பிரான்சுவா கட்டத் தொடங்கிய மாளிகை அது. அதே ஆண்டு மே மாதம் லியோனார்டோ டா வின்சி அம்புவாஸில் காலமானார். கட்ட உத்தரவு வந்தது அதற்குப் பிறகு செப்டம்பரில். ஆனாலும் நடுவில் இருக்கும் அந்தப் படிக்கட்டைப் பார்க்கிற எவருக்கும் அவர் ஞாபகம் வரும். ஒரே தூணைச் சுற்றி இரண்டு படிவரிசைகள், ஒன்றையொன்று பின்னிக்கொண்டு மேலே போகின்றன. ஒன்றில் ஏறுகிறவர் மற்றதில் இறங்குகிறவரை நடுத்தூணின் திறப்புகள் வழியாகப் பார்க்கலாம், ஆனால் எந்த இடத்திலும் எதிரே சந்திக்க முடியாது. உங்கள் மகளை ஒன்றில் அனுப்பிவிட்டு நீங்கள் மற்றதில் ஏறுங்கள். அலுப்பு என்ற பேச்சே வராது. மொட்டைமாடிக்குப் போனால் புகைபோக்கிகளும் சிறு கோபுரங்களுமாக ஒரு தெருவுக்குள் நடப்பது மாதிரி இருக்கும்.

புளுவா ரயில் நிலையத்திலிருந்து சைக்கிளில் போகலாம். பெரும்பாலும் சமதளம், கடைசிப் பகுதி காட்டுக்குள். மாளிகையைச் சுற்றியுள்ள காட்டுக்கு 32 கி.மீ. சுற்றுமதில் இருக்கிறது. முன்பக்கத்து அலங்காரத் தோட்டத்தையும் 2017ல் பழைய வரைபடங்களை வைத்துத் திரும்ப அமைத்துவிட்டார்கள்.

லாசப்பல்:

ஷாம்போரை நான் குறைச்சுச் சொல்லேல்லை. அந்தப் படிக்கட்டுக்கு ஈடில்லை. ஆனா புளுவாவில இருந்து போய்த் திரும்ப 40 கி.மீ. வரும். போன வழியாலயே திரும்பி வரவேணும், வழியில பழைய ஊர் எண்டு நிண்டு பாக்க இடங்களும் குறைவு. அண்ணை கேட்டது ஊர், மாளிகை, தோட்டம் மூண்டும். அது என்ர பாதையில நெருக்கமா வருது.

பாத்திகட்டி:

வில்லாந்த்ரி என்று யாராவது எழுதுவார்களா என்று காத்திருந்தேன். நான் தோட்டக்கலை படித்தவள், கோயம்புத்தூர். வேலை விஷயமாக பிரான்ஸ் போனபோது அந்தத் தோட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாளிகை 1536 வாக்கில் முடிந்தது, முதலாம் பிரான்சுவாவின் நிதிப் பொறுப்பில் இருந்த ழான் லெ பிரெத்தோன் கட்டியது. இன்று பார்க்கும் தோட்டத்துக்கு அவ்வளவு வயதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த பழைய பாத்திகளை அழித்துவிட்டு ஆங்கிலேய பாணியில் புல்வெளியும் மரங்களுமாக ஆக்கிவிட்டார்கள். 1906ல் ஸ்பெயினில் பிறந்த மருத்துவர் ஜோவாகிம் கார்வாயோவும் அவருடைய அமெரிக்க மனைவி ஆன் கோல்மனும் அந்த இடத்தை வாங்கினார்கள். விஞ்ஞான ஆராய்ச்சியை விட்டுவிட்டு அவர் வாழ்நாள் முழுக்க அந்த மண்ணிலேயே கிடந்தார். நிலத்தில் கிடைத்த தடயங்கள், பழைய செதுக்குப் படங்கள், மடாலயத் தோட்டங்களின் அமைப்பு இவற்றை வைத்து மறுமலர்ச்சிக் காலத் தோட்டத்தைத் திரும்ப உண்டாக்கினார். ‘அசல் இல்லையே’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. தோட்டம் என்றாலே ஒவ்வொரு பருவமும் திரும்பப் போடுவதுதானே. அங்கே இன்றைக்கும் காய்கறிப் பாத்திகளை வருஷத்துக்கு இரண்டு முறை புதிதாக நடுகிறார்கள்.

காய்கறித் தோட்டத்தில் ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோலம். பாத்தி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கும் குறைவாகக் கத்தரித்த, பாக்ஸ் என்ற குறுஞ்செடி வேலி. உள்ளே நீலம் பூத்த லீக்ஸ், கருஞ்சிவப்பு பீட்ரூட் இலை, ஊதா முட்டைகோஸ், வெளிர்பச்சை லெட்யூஸ், கேரட்டின் சன்னமான தழை என்று நிறம் பார்த்து நடவு. பக்கத்துப் பக்கத்தில் எந்த நிறம் வரவேண்டும் என்பதோடு, போன முறை அந்தப் பாத்தியில் எந்தக் குடும்பத்துச் செடி இருந்தது என்பதையும் பார்த்துத்தான் திட்டம் போடுகிறார்கள். பயிர்ச்சுழற்சியை விட்டுக்கொடுக்காமல் இவ்வளவு அழகைக் கொண்டுவருகிறார்கள் பாருங்கள், அங்கேதான் நான் அசந்துபோனேன். நம் ஊரில் அழகுத் தோட்டம் வேறு, காய்த் தோட்டம் வேறு என்று பிரித்துவிடுகிறோம். அங்கே கோஸுக்குத்தான் ராஜ மரியாதை.

மேலே இன்னொரு தளத்தில் காதல் தோட்டம். மென்மையான காதல், வெறிகொண்ட காதல், நிலையில்லாத காதல், துயரத்தில் முடிந்த காதல் என்று நான்கு சதுரங்கள், எல்லாமே செடிவேலி வெட்டிய வடிவத்தில். இதயமாக, முகமூடியாக, விசிறியாக, வாள் முனையாக. கீழே நின்று பார்த்தால் வெறும் வேலிதான் தெரியும். மாளிகைக்குப் பின்னால் மரங்களுக்கிடையே உள்ள உயரமான மேடைக்கு முதலில் ஏறிவிடுங்கள். அங்கிருந்து முழுக் கோலத்தையும் பார்த்துவிட்டுப் பிறகு கீழே இறங்கி ஒவ்வொரு பாத்தியாக நடங்கள்.

மாளிகையும் தோட்டமும் சேர்த்து ஒரு சீட்டு, தோட்டம் மட்டும் ஒரு சீட்டு என்று இரண்டு உண்டு. தோட்டம் மட்டும் எடுத்து இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

முத்தியால்பேட்டை:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். ஷெனோன்சோவை யாருமே எடுத்துப் பேசவில்லையே! ஷேர் ஆற்றின் மேல் நிற்கிற மாளிகை அது. இந்தக் கரையில் நுழைந்து அந்தக் கரையில் வெளியே வரலாம். இரண்டாம் ஹென்றி ராஜா தன் காதலி தியானுக்குக் கொடுத்தார். அவள் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினாள். 1559ல் ராஜா இறந்ததும் ராணி கேத்தரின் தெ மெதிசி, ஷோமோன் மாளிகையைக் கையில் கொடுத்து இதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளக் கூடத்தையும் எழுப்பினார். தியானின் தோட்டம் ஒரு பக்கம், கேத்தரினின் தோட்டம் மறுபக்கம், இன்றைக்கும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. முதல் உலகப் போரில் அந்தக் கூடத்தில் கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். இரண்டாம் போரில் ஷேர் ஆறுதான் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் மறுபகுதிக்கும் எல்லை. கூடத்தின் தெற்குக் கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் தப்பிக்கலாம்.

தூரிலிருந்து ரயிலில் ஷெனோன்சோ போங்கள், நிலையம் மாளிகை வாசலிலேயே. அங்கிருந்து காட்டு வழியாக அம்புவாஸ் வரை சைக்கிள், 15 கி.மீ.க்குள்தான். அம்புவாஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஷாந்தெலூ பகோடா இருக்கிறது. அதை எங்கள் ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டும். பதினைந்தாம் லூயியின் செல்வாக்கு மிக்க அமைச்சராக இருந்த ஷுவாசெல் பிரபு கட்டியது. ஏழாண்டுப் போரில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்ததும், 1763 பாரிஸ் உடன்படிக்கையில் திரும்பக் கிடைத்ததும் அவர் அதிகாரத்தில் இருந்த காலத்தில்தான். 1770ல் ராஜா அவரைப் பதவியை விட்டுத் தள்ளி ஷாந்தெலூவுக்கு அனுப்பிவிட்டார். அந்த ஒதுக்கப்பட்ட நாட்களிலும் தன்னைப் பார்க்க வந்த நண்பர்களுக்கு நன்றியாக இந்த 44 மீட்டர் கோபுரத்தை எழுப்பினார். அவருடைய மாளிகையை 1823ல் இடித்துவிட்டார்கள். பகோடாவும் அதன் முன்னால் உள்ள குளமும் நிற்கின்றன.

லாசப்பல்:

பகோடாக் கதை நல்லாயிருக்கு, நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறன், இந்தத் தொடர்பு யோசிக்கேல்லை. உங்கட பாதையும் ஒரு நாளுக்கு ஏற்றதுதான். ரெண்டு விசயம் மட்டும். ஷேர் பள்ளத்தாக்கில இருந்து லுவாருக்குப் போக இடையில மேடு ஏறவேணும். ஷெனோன்சோவில ஜூன் கடைசியில சுற்றுலா பஸ்ஸுகள் வரிசையா நிக்கும். ஒன்பது மணிக்கு வாசலில நிண்டா நிம்மதியாப் பாக்கலாம். பாரிஸில இருந்து அதே நாள் வாறவைக்கு அது கஷ்டம்.

மேட்டூர்க்காரர்:

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க ஒரே நாளில் மூன்று மாளிகை என்ற எண்ணம் போய்விட்டது. அஸே, வில்லாந்த்ரி, தூர் பாதைதான் எங்களுக்கு ஒத்துவரும் போலிருக்கிறது. மனைவிக்கும் காட்டினேன், அவருக்குக் காய்கறித் தோட்டம் பிடித்துவிட்டது. சில சந்தேகங்கள். நாங்கள் சைவம், மதியம் என்ன சாப்பிடுவது? இந்தப் பாதையில் ஏற்றம் உண்டா? மகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமா? அஸேயில் மாளிகைக்குள் போகலாமா, வெளியிலிருந்து பார்த்தால் போதுமா?

கல்லும்சுண்ணாம்பும்:

அஸே கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உள்ளே போங்கள். அரசு நினைவுச்சின்னம், 18 வயதுக்குக் கீழே அனுமதி இலவசம், மகளுக்குச் சீட்டு வேண்டாம்.

அந்த்ர் ஆற்றின் நடுவே ஒரு தீவில் நிற்கிறது. 1518 முதல் கட்டியவர் ழில் பெர்த்தலோ, ராஜாவின் கஜானா அதிகாரி. வேலையை நின்று கவனித்தது அவருடைய மனைவி பிலிப்பா லெபாயி. 1527ல் கஜானா முறைகேட்டு விசாரணையில் பெர்த்தலோவின் உறவினரைத் தூக்கில் போட்டதும் அவர் தப்பி ஓடிவிட்டார். மாளிகையை ராஜா பறிமுதல் செய்தார். அதனால்தான் கட்டடம் முழுச் சதுரமாக முடியாமல் இரண்டு பக்கத்தோடு நின்றுவிட்டது. முற்றத்தில் நின்று படிக்கட்டு முகப்பை நிமிர்ந்து பாருங்கள். வாசலுக்கு மேல் தீப்பல்லியும் (சாலமாண்டர்), எர்மின் என்ற கீரி போன்ற சிறு விலங்கும் செதுக்கியிருக்கும். ஒன்று முதலாம் பிரான்சுவாவின் சின்னம், மற்றது அவருடைய ராணி கிளோத்துடையது. கஜானாக்காரர் ராஜாவுக்குக் காட்டிய அந்த மரியாதை அவரைக் காப்பாற்றவில்லை. அந்தக் காலத்தில் சுழல் படிக்கட்டுதான் வழக்கம், இங்கே நேராக ஏறித் திரும்பும் படிகள், முற்றத்தைப் பார்க்கத் திறந்த மாடங்களோடு. ஷாம்போர் அளவில் கால்வாசிகூட இல்லை, ஆனால் ஒரு வீட்டை அனுபவிக்கிற மாதிரி அனுபவிக்கலாம்.

கல்லையும் தொட்டுப் பாருங்கள். துஃபோ என்ற வெள்ளைச் சுண்ணாம்புக்கல், நகத்தால் கீறினால் பொடி வரும். அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் எல்லாம் இதே கல். குன்றைக் குடைந்து கல்லை எடுத்தார்கள், குடைந்த குகையில் வீடும் திராட்சரசக் கிடங்கும் காளான் பண்ணையும் வைத்தார்கள். போகிற வழியில் பாறைச் சுவரில் கதவும் ஜன்னலும், மேலே மண்ணிலிருந்து புகைபோக்கியும் தெரிந்தால் அது குடியிருக்கும் வீடு.

லாசப்பல்:

மிச்சக் கேள்விக்கு. ஏற்றம் ஒண்டு இருக்கு, அஸேயை விட்டு வெளிக்கிட்ட உடன. அந்த்ர் பள்ளத்தாக்கில இருந்து மேல ஏறி, கொஞ்சத் தூரம் வயலும் தோட்டமுமா சமதரை, பிறகு வில்லாந்த்ரிக்கு நல்ல இறக்கம். அந்த 11, 12 கி.மீ. சின்ன ரோட்டில கார் வரும், மகளை உங்களுக்கும் மனைவிக்கும் நடுவில விடுங்கோ. வில்லாந்த்ரிக்குப் பிறகு தூர் வரைக்கும் ஷேர் ஆத்தங்கரை, பச்சை வெள்ளைப் பலகை பாத்துப் போனாச் சரி. அது 900 கி.மீ. நீள லுவார் சைக்கிள் பாதையின்ர ஒரு துண்டு.

12 வயசுக்குக் கீழ தலைக்கவசம் கட்டாயம், 2017 இல இருந்து சட்டம். வாடகைக் கடையில கேட்டா பிள்ளைக்குரிய அளவு தருவினம்.

சாப்பாடு: பன்னிரண்டில இருந்து ரெண்டு மணி வரைக்கும்தான் மத்தியானச் சாப்பாடு. ரெண்டரைக்குப் போனா அடுப்பு அணைச்சிருக்கும், ஊர்க் கடையும் பூட்டியிருக்கும். அதால அஸேயில காலமையே வெதுப்பகத்தில பாணும், கடையில தக்காளியும் பழமும் வாங்கிப் பையில வையுங்கோ. அந்தப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ் செந்-மோர் எண்டு பேர், நீட்டா, வெளியால சாம்பல் பூசி, நடுவில ஒரு வைக்கோல் தண்டு குத்தியிருக்கும். தண்டை இழுத்துப்போட்டு வட்டமா வெட்டிப் பாணோட சாப்பிடுங்கோ. ஒரு விசயம் கட்டாயம் சொல்லவேணும், பிரெஞ்சுச் சீஸ் கனக்கக் கன்றுக்குட்டி இரைப்பை நொதியிலதான் உறைய வைக்கிறவை. கடும் சைவமெண்டா வாங்காதேங்கோ. ரியெத் எண்டு தூரில விக்கிற பூச்சு பன்றி இறைச்சி, பாத்தா பருப்புத் துவையல் மாதிரி இருக்கும், தவறியும் எடுத்திடாதேங்கோ.

சவோனியேரில ஆத்தங்கரையில நிண்டு சாப்பிடலாம். பழைய மாதிரிக் கட்டின மரவள்ளங்கள் கட்டியிருக்கும், அடிப்பக்கம் தட்டையா. லுவாரிலயும் ஷேரிலயும் தண்ணி ஆழமில்லை, மணல்திட்டுக் கூட, அதுக்கேற்ற வள்ளம். ரெயில்பாதை வரமுதல் உப்பு, கல், திராட்சரசம் எல்லாம் இதிலதான் போனது.

ஹேண்டில்பார்:

இதுவரை யாரும் சொல்லாத ஒன்று. நம் ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வலக்கை முன் பிரேக். பிரான்ஸில் இடக்கை முன் பிரேக், வலக்கை பின் பிரேக். வில்லாந்த்ரி இறக்கத்தில் பழக்கதோஷத்தில் இடக்கையை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கடை வாசலிலேயே மூன்று பேரும் மெதுவாக ஓட்டி, இரண்டையும் பிடித்துப் பார்த்துப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், அதோடு பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. மனைவிக்கு மின்சார சைக்கிள் எடுத்துக்கொடுங்கள். அந்த ஒரு ஏற்றத்துக்காகவே அது தகும்.

பாத்திகட்டி:

மேட்டூர் அண்ணா, தேதி விஷயத்தில் ஒன்று. வில்லாந்த்ரியில் வசந்த நடவு ஜூன் வரைக்கும்தான், பிறகு அதை எடுத்துவிட்டுக் கோடை நடவு போடுவார்கள். ஜூன் கடைசி என்றால் காய்கறிப் பாத்திகளில் நாற்று இளசாகத்தான் இருக்கும், பூசணியும் கத்தரியும் நிறைந்து நிற்பதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வேலிக்கோலம் அப்போதுதான் துல்லியமாகத் தெரியும், தோட்டக்காரர்கள் கயிறு கட்டி நடுவதையும் பார்க்கலாம். உங்கள் மனைவிக்கு அதுவே பெரிய காட்சியாக இருக்கும். சதுரங்களில் குச்சிபோல் நிமிர்ந்து நிற்கும் ரோஜாச் செடிகளை மகளிடம் காட்டுங்கள். பாத்தி கொத்தும் துறவிகள்தான் அவை என்று அங்கே சொல்வார்கள்.

லாசப்பல்:

ரோசா எண்டதும் ஞாபகம் வருது. தூருக்குள்ள நுழையமுதல் லா ரிஷ் எண்ட இடத்தில செந்-கோம் மடம். கவிஞர் ரொன்சார் அங்க தலைவரா இருந்து 1585 இல இறந்தவர், சமாதியும் அங்கதான், சுத்திவர ரோசாத் தோட்டம். கால் ஓடினா எட்டிப் பாருங்கோ. இல்லையெண்டா நேரா பழைய தூருக்கு வந்து, பிளாஸ் ப்ளூம்ரோவில மரச்சட்டம் போட்ட பழைய வீடுகளுக்கு நடுவில இருந்து ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்கோ. ஜூன் கடைசியில ஒன்பதரைக்குப் பிறகுதான் பொழுதுபடும், அவசரமே இல்லை. சைக்கிள் கடை பூட்டுற நேரத்தை மட்டும் காலமையே கேட்டு வையுங்கோ.

மேட்டூர்க்காரர்:

மின்சார சைக்கிள் ஒன்று, சாதாரணம் இரண்டு என்று முடிவு செய்துவிட்டோம். கடைசியாக ஒரு கேள்வி, அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டால்?

லாசப்பல்:

தூறல் எண்டா ஓடுங்கோ, மழைச்சட்டை போதும். நல்லாக் கொட்டினா அஸே வரைக்கும் ரெயினில போய் மாளிகையைப் பாத்திட்டு ரெயினிலயே திரும்பி வாங்கோ. தூரில செந்-கத்தியன் பேராலயத்துக்குப் பக்கத்தில நுண்கலை அருங்காட்சியகம் இருக்கு. முற்றத்தில 1804 இல நட்ட லெபனான் தேவதாரு, கிளை நிலத்தோட கிடக்கும். எதிர்ப்பக்கத்துக் கட்டடத்தில ஃபிரிட்ஸ் எண்ட ஆசிய யானை, 1902 இல சர்க்கஸோட வந்து தூரிலயே செத்தது, பாடம் பண்ணி வச்சிருக்கினம். உங்கட மகளுக்குக் காட்டுங்கோ. டி.ஜி.வி. ரிக்கற்றை இப்பவே எடுத்திடுங்கோ அண்ணை, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். திரும்புறதுக்கு இரவு எட்டு மணிக்குப் பிறகு போற ரெயினாப் பாருங்கோ.